மந்தைவெளியும் மனைப்பிரிவும்



எண்ணாகமம் 35-ஆம் அதிகாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அடைக்கலப் பட்டணங்கள். பிரசங்கிகளாகிய நாங்களும் நேராக அங்கேயே சென்றுவிடுகிறோம். அதற்கு முன்னுள்ள சில வசனங்கள் நில அளவையாளரின் குறிப்பேட்டைப் போல இருப்பதால், வேதபாட வேளையில் யாரேனும் வாசித்தாலும் காது அதில் தங்குவதில்லை. இந்த வாரம் அந்த வசனங்களிடத்தில் சற்றுத் தங்கும்படி உங்களை அழைக்கிறேன். நம் சபையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களுக்கு இடையே ஒரு சேவலைக் குறித்து எழுந்த வழக்கே அதற்குக் காரணம். அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

லேவியருக்குச் சுதந்தர நிலம் இல்லை. ஆகவே மற்றக் கோத்திரங்கள் தங்கள் பங்கிலிருந்து அவர்களுக்கு 48 பட்டணங்களைக் கொடுக்கவேண்டும் என்று மோசேக்குக் கட்டளை பிறக்கிறது. பட்டணங்களை மட்டும் கொடுத்தால் போதாது, அவற்றைச் சுற்றிலும் வெளிநிலத்தையும் கொடுக்கவேண்டும். குடியிருக்கப் பட்டணம், ஆடுமாடுகளுக்கும் மற்ற மிருகஜீவன்களுக்கும் வெளிநிலம். அளவும் சொல்லப்பட்டிருக்கிறது: மதிலிலிருந்து வெளிப்புறமாக ஆயிரம் முழம். ஒரு முழத்தை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், அது 450 மீட்டர்.

இதே எண்ணிக்கைக்கு அருகில் வரும் இன்னொரு அளவை நம் காலத்து அரசாங்கத் தாள்களில் காணலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோழிப் பண்ணைகளுக்கு வகுத்துள்ள வழிகாட்டு நெறிகள், பண்ணை குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி அமையவேண்டும் என்கின்றன. இந்த ஒற்றுமையை நான் அதிகம் இழுக்க விரும்பவில்லை. வனாந்தரத்தில் நின்ற மோசேக்கு நாமக்கல் கோழிப் பண்ணைகள் தெரிந்திருந்தன என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மனிதரும் மிருகமும் நெருங்கி வாழ்ந்த இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி எழுந்தே இருக்கிறது. எவ்வளவு தூரம், யாருடைய செலவில், யாருடைய நிலத்தில் என்று கேளாத சமுதாயம் இல்லை.

அதைவிட என் மனதில் தைப்பது லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் ஒரு சிறு விதி. லேவியர் தங்கள் வீட்டை விற்கலாம், பிறகு மீட்டுக்கொள்ளலாம். பட்டணங்களைச் சூழ்ந்த அந்த வெளிநிலமோ விற்கப்படக் கூடாது. வீட்டுக்கு விலை உண்டு, மேய்ச்சலுக்கு விலை இல்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் நம் ஊர்ப்புறத்து மந்தைவெளிகளை நினைக்கிறேன்.

பிரியமானவர்களே, நம்முடைய வருவாய்க் கணக்குகளில் இன்றும் மந்தைவெளிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்ற சொற்கள் உண்டு. சொல் இருக்கிறது, நிலம் எங்கே என்று கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் அரசுக் கட்டடம் எழும்பியிருக்கும், ஓரிடத்தில் பேருந்து நிறுத்தம், ஓரிடத்தில் யாரோ ஒருவருடைய வேலி. சென்னையின் நடுவே மந்தைவெளி என்ற பெயரோடு ஒரு பகுதி இருக்கிறது. மாடுகள் மேய்ந்த வெளி என்பது அந்தப் பெயரின் பொருள். இன்று அங்கே ஒரு மாடு நடந்தால் அதைப் பிடிக்க மாநகராட்சி வண்டி வரும். உச்சநீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்டுக் கொடுக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். அதன்பின் தங்கள் ஊரின் மேய்க்கால் எத்தனை ஏக்கர் மீண்டது என்பதை நம் மாவட்டத்து மக்களே அறிவார்கள்.

நம் தர்மபுரி, கால்நடைகளுக்கு அந்நியமான பூமி அல்ல. ஆலம்பாடி மாடு என்று ஓர் இனம் நம் காவிரிக்கரைக் காடுகளையும் பென்னாகரத்து மேடுகளையும் சார்ந்து வளர்ந்தது. உழவுக்குப் பேர்போன அந்த இனம் அருகிவருவதால், அதைக் காக்கவென்றே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காரிமங்கலம் பகுதியில் ஓர் ஆராய்ச்சி மையத்தை நடத்துகிறது. புளுதியூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போன தகப்பன்மாரின் பிள்ளைகள் நம் சபையில் பலர் இருக்கிறீர்கள். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது நம்முடையது பெரும்பாலும் மானாவாரி நிலமும் மந்தையுமாக இருந்த நாடு. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியது வயல் அல்ல, கொட்டிலில் நின்ற மாடும் பட்டியில் நின்ற ஆடும்தான்.

இப்போது நகரம் வளர்கிறது. நிலக்கடலை விளைந்த கொல்லைகளில் எல்லைக்கல் நடப்பட்டு, 30 அடிச் சாலை போடப்பட்டு, வங்கிக் கடனில் மாடி வீடுகள் எழும்புகின்றன. புதிதாகக் குடிவந்தவர்கள் முற்பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நடுவே முப்பது வருஷமாய் அங்கேயே இருக்கிற ஓட்டு வீடும், அதன் பின்புறத்துக் கோழிக்கூண்டும். சட்டம் இங்கேதான் குறுக்கே வருகிறது.

அந்த வழக்கை இனிச் சொல்லுகிறேன். பெயர்களை நீங்கள் தேடவேண்டாம். ஒரு தாயார், விதவை. பதினொரு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வைத்திருந்தார்கள். நாட்டுக்கோழி முட்டைக்கும், குஞ்சு பொரித்து விற்பதற்கும் கிடைத்த பணத்தில்தான் மகளின் படிப்புச் செலவில் ஒரு பகுதி நடந்தது. சுவருக்கு அப்பால் ஓர் இளம் சகோதரர் வீடு கட்டிக் குடிவந்தார். அவருடைய தகப்பனார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். ஒன்பது மாதக் குழந்தையும் இருக்கிறது. சேவல் கூவுவது அதிகாலை மூன்று மணிக்கு. சத்தத்தில் விழித்துக்கொள்ளும் கிழவருக்கு மறுபடி உறக்கம் பிடிப்பதில்லை. மழைக்காலத்தில் எச்சத்தின் நாற்றமும் சேர்ந்துகொண்டது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், மூன்றாம் முறை ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. இருவரும் ஒரே மேசைக்கு வரவேண்டியவர்கள். தாயார் வரவில்லை.

அவர்களைப் பார்க்கச் சென்றபோது அவர்கள் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, நான் இங்க குடிவந்தப்போ இந்த இடம் கடலைக்காடு. அவங்க வந்து அஞ்சு வருசம் ஆகல. இப்போ நான் வச்சிருக்கிறது குத்தமா?"

அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியாது. சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம்மில் பலருக்கு இதைப்பற்றிச் செவிவழிச் செய்திகளே தெரியும்.

தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்துவதற்கென்று 1997-இல் தனியாகவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நகர எல்லைக்குள் இவற்றை வளர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் உரிமத்துக்கு உட்படுத்துவதே அதன் கருத்து. ஆகவே நகராட்சி எல்லைக்குள் இருக்கிறவர், "என் வீட்டு வாசல், என் மாடு" என்று சொல்லி முடித்துவிட முடியாது. எல்லைக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் இருப்பவருக்கு நிலைமை வேறு. ஒரு தெருவின் இப்பக்கம் நகராட்சியாகவும் அப்பக்கம் ஊராட்சியாகவும் இருக்கிற இடங்களும் உண்டு. மனு எழுதுவதற்கு முன்னும், மனுவுக்குப் பயப்படுவதற்கு முன்னும், நம் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம்.

நான் முன்பு சொன்ன 500 மீட்டர் விதியைச் சிலர் தவறாகப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். அந்த நெறிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறவேண்டியவை 5,000 பறவைகளும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகள். பதினொரு கோழி வைத்திருக்கிற விதவையின்மேல் அதை வீசுவது நியாயமல்ல. அவர்களுக்குப் பொருந்தக்கூடியவை உள்ளாட்சி உரிம விதிகளும், பொதுத் தொல்லை பற்றிய சட்டமும்தான். பொதுமக்களுக்குத் தொல்லை தருவதை அகற்றும்படி உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு.

மிருகத்தை உடையவன் அசட்டையாக இருந்து, அதனால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடுமானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. இந்தப் பிரிவை வாசித்தபோது யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தை வாசிப்பதுபோலவே எனக்கு இருந்தது. முட்டுகிற மாட்டைக் குறித்து அங்கே எவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மாடு ஒருவரை முட்டிக் கொன்றது. அதற்கு முன் அது முட்டியதில்லை என்றால் எஜமான் குற்றத்துக்கு நீங்கலாயிருக்கிறான். அது முன்னமே முட்டுகிற மாடென்று அவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்கவில்லை என்றால் பொறுப்பு முழுவதும் அவன்மேல் விழுகிறது. அறிவிக்கப்பட்டதா இல்லையா என்பதே அங்கே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. பக்கத்து வீட்டார் வந்து ஒருமுறை சொன்னபின், நாம் அறியாதவர்கள் அல்ல.

2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில், தாயோடு பள்ளியிலிருந்து நடந்து வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்த காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன்பின் தெருவில் திரியும் மாடுகளின் உரிமையாளருக்கு விதிக்கப்படும் அபராதத்தை மாநகராட்சி 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. அடுத்த ஆண்டில் அது 10,000 ஆனது. அபராதம் உயர்வதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் கதறியதைக் கேட்டவர் யாரும் சொல்லமாட்டார். ஆனால் மேய்ச்சலுக்கு ஓரடி நிலமும் இல்லாத நகரத்தில், கறந்த பாலை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மாட்டைக் குப்பைத்தொட்டிக்கு அவிழ்த்துவிடுகிறவனும் இருக்கிறான், அந்தப் பாலை வாங்கிக் காப்பி குடிக்கிறவர்களும் இருக்கிறோம்.

பயிரை மேய்ந்த மாட்டுக்கான சட்டம் இன்னும் பழையது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வெள்ளையர் காலத்தில் இயற்றப்பட்டது. நம் தாத்தாமார் 'பவுண்டு' என்றும் 'கொண்டித் தொழுவம்' என்றும் சொன்னது அந்தச் சட்டத்தின் பட்டிகளைத்தான். நிலத்தில் இறங்கி மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பவேண்டும். உரியவர் தண்டமும் தீனிச்செலவும் கட்டி மீட்கவேண்டும். ஏழு நாளுக்குள் எவரும் கேட்டு வராவிட்டால் காவல் நிலையத்துக்கு அறிவிப்பு, அதன்பின் ஏலம். வேதமும் இந்த வழக்கை அறியும். தன் மிருகத்தை அவிழ்த்துவிட்டுப் பிறனுடைய வயலை மேயவிட்டவன், தன் சொந்த வயலின் நல்ல பலனிலிருந்து ஈடுகட்டவேண்டும் என்று யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆனால் உபாகமம் 22-ஆம் அதிகாரம் பட்டிக்காரனுக்கு இல்லாத ஒரு கடமையையும் அயலான்மேல் வைக்கிறது. வழிதப்பிய மாட்டைக் கண்டும் காணாதவன்போல் போகாதே, அதை உன் வீட்டுக்குக் கொண்டுபோய் உரியவன் தேடிவரும்வரை வைத்திருந்து திரும்பக் கொடு என்பதே அதன் கருத்து. யாத்திராகமம் 23 இன்னும் ஒருபடி மேலே போய், அது உன் சத்துருவின் மாடாக இருந்தாலும் அப்படியே செய்யச் சொல்லுகிறது. பக்கத்து வீட்டுக்கோழி நம் வாசலில் மேய்ந்தால் கல்லெடுக்கிற கையை நாம் எல்லாரும் அறிவோம்.

இனிச் சேவலுக்கு வருவோம். 2025-இன் தொடக்கத்தில் கேரளத்துப் பத்தனம்திட்டை மாவட்டம் அடூரில், ஏறக்குறைய நம் சபையில் நடந்ததுபோலவே ஒரு வழக்கு வந்தது. பக்கத்து வீட்டு மேல்தளத்தில் வளர்க்கப்பட்ட கோழிகளில் சேவல் விடியற்காலை மூன்று மணிக்குக் கூவுவதால் உறங்க முடியவில்லை என்று உடல்நலமற்ற ஒரு முதியவர் முறையிட்டார். கோட்டாட்சியர் இருதரப்பையும் விசாரித்து, இடத்தையும் பார்வையிட்டு, கோழிக்கூட்டை மேல்தளத்திலிருந்து அகற்றி வளாகத்தின் தென்புறத்துக்கு 14 நாளுக்குள் மாற்றும்படி உத்தரவிட்டார். கோழி வளர்ப்பதை அவர் தடுக்கவில்லை. முதியவரின் உறக்கத்தையும் அற்பமென்று தள்ளவில்லை. எனக்கு அந்த உத்தரவு பிடித்திருந்தது.

பிரான்சு தேசத்தில் தீர்ப்பு வேறுவிதமாகப் போயிற்று. ஒலெரோன் தீவில் மோரீஸ் என்ற சேவலின் கூவலுக்கு எதிராக, விடுமுறைக்கு வந்து தங்கும் பக்கத்து வீட்டார் தொடுத்த வழக்கை 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் அந்நாடு நாட்டுப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் பாரம்பரியமாக அங்கீகரித்து ஒரு சட்டமே இயற்றியது. சிங்கப்பூரிலோ 2017-இல், சின் மிங் அவென்யூ பகுதியில் திரிந்த கோழிகளைச் சத்தம் பற்றிய புகார்களுக்குப்பின் அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஒரே கூவல், மூன்று தேசங்களில் மூன்று முடிவுகள்.

சேவல் ஏன் அந்த நேரத்தில் கூவுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது, கூடையை மூடி இருட்டாக்கிவிட்டால் அடங்கிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டியது, சேவலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதை. மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்திருந்தாலும் அது விடியலை முன்னறிந்து கூவுகிறது. கூட்டத்தில் மூத்த நிலையிலுள்ள சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி காத்திருக்கும் என்பதையும் பின்னர் கண்டார்கள். சபைக் கமிட்டிக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

யூதரின் மிஷ்னா என்னும் விதித்தொகுப்பு கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. எருசலேமில் கோழி வளர்க்கக் கூடாது என்ற விதி அதில் உண்டு. கோழிகள் குப்பையைக் கிளறி அசுத்தத்தைக் கொண்டுவந்து பரிசுத்தமானவற்றின்மேல் போட்டுவிடக்கூடும் என்பது காரணம். அதே மிஷ்னா இன்னோரிடத்தில், எருசலேமில் ஒரு சேவல் மனிதனைக் கொன்றதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்டதையும் சொல்லுகிறது. வளர்க்கக் கூடாத நகரத்தில் சேவல் எப்படி வந்தது? எவரோ விதியை மீறி வளர்த்திருக்கிறார்கள், அல்லது விதி ஏட்டளவில் இருந்திருக்கிறது. பேதுரு அந்த இராத்திரியில் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கேட்ட கூவல் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்திருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. அது இராக்காவல் மாறும்போது ஊதப்பட்ட எக்காளத்தின் பெயர் என்று விளக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அது சேவலாகவே தோன்றுகிறது. இதை ஒரு பிரசங்கமாக்கலாம், ஆனால் செய்யப்போவதில்லை. பேதுருவைச் சாக்காகக் காட்டி யாரும் உரிமம் வாங்காமல் இருந்துவிட வேண்டாம்.

ஒலியைப் பற்றி இன்னொரு வார்த்தை. அதை நாம் நமக்கே சொல்லிக்கொள்ளவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, பகலில் 55. அந்த இராவேளையில் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. சேவலின்மேல் மனு எழுதுகிற கிறிஸ்தவத் தெருக்களில், அதிகாலை நான்கரைக்கு உபவாச ஜெபத்தின் ஒலிபெருக்கி கூரைமேல் முழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். சேவலுக்கு விதி தெரியாது. நமக்குத் தெரியும்.

தாயாரின் கேள்விக்குத் திரும்புகிறேன். நான் முதலில் வந்தவள் என்பது அவர்களுக்கு உரிமையைக் கொடுக்கிறதா? சட்டத்தின்படி முழுவதும் கொடுப்பதில்லை. தொல்லை என்பது இன்று அனுபவிக்கிறவரை வைத்து அளக்கப்படுகிறது. அது சரியென்றே நானும் எண்ணுகிறேன். பக்கவாதத்தில் கிடக்கும் மனிதருக்கு, "நீ பிந்தி வந்தவன், பொறுத்துக்கொள்" என்று சொல்ல என் வாய் வராது. மனு கொடுத்ததையும் நான் பாவமென்று சொல்லவில்லை. அதிகாரிகளிடம் முறையிடுவது விசுவாசத்துக்கு விரோதம் என்று சிலர் அந்தச் சகோதரரை வருத்தினார்கள், அது தவறு.

ஆனாலும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. மனுக்கள் எந்த வாசலுக்குப் போகின்றன என்று பாருங்கள். இரவெல்லாம் குரைக்கிற உயர்ந்த சாதி நாய் வளர்க்கும் மாடி வீட்டுக்கு எத்தனை மனு போயிற்று? நகரத்தின் கழிவுகளை மேய்த்துப் பன்றி வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்களின் கொட்டில்கள்தான் முதலில் இடிக்கப்படுகின்றன. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அது நடந்து வருகிற தெரு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. அரசாங்கத்தின் ஒரு கை 2011 செப்டம்பரில் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகளும் கறவைப் பசுக்களும் வழங்கத் தொடங்கியது. ஆதரவற்ற பெண்களுக்குக் கோழிக்குஞ்சுகளையும் கொடுத்துவருகிறது. கிராமத்துக்கென்று கொடுத்த அந்த ஆடு நிற்கும் தெரு நாளை நகரமாகும்போது, அதே அரசாங்கத்தின் இன்னொரு கை உரிமம் கேட்கும். இரண்டு கையும் நல்லெண்ணத்தோடுதான் நீள்கின்றன. நடுவில் நிற்பவள் ஒரு பெண்.

தாவீதிடம் நாத்தான் சொன்ன கதையில் வருகிற ஏழையின் ஆட்டுக்குட்டி எங்கே வளர்ந்தது? தொழுவத்தில் அல்ல, வீட்டுக்குள், அவன் பிள்ளைகளோடு. அவன் உணவில் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து வளர்ந்தது. இன்றைய சுகாதார அலுவலர் அதைக் கண்டால் ஒப்புக்கொள்ளமாட்டார், அவரிடமும் நியாயம் உண்டு. 2006-இல் மராட்டியத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக நம் தேசத்தில் கண்டறியப்பட்டபோது, சுற்று வட்டாரத்துக் கோழிகள் எல்லாம், பண்ணைக்கோழியும் வீட்டுக்கோழியும் என்ற பேதமின்றி அழிக்கப்பட்டன. மனிதரும் பறவையும் ஒரே அறையில் வாழ்வதில் உள்ள ஆபத்து உண்மையானது. நாத்தானின் கதையை வாசித்து மனம் உருகுகிறவர்கள் அந்த ஆபத்தையும் மறக்கக் கூடாது. விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள், ஒரே ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் உடையவனிடத்திலிருந்து அது போனால் என்ன மிஞ்சும் என்பதையும் கணக்கிடவேண்டும்.

எங்கள் வழக்கு இப்படி முடிந்தது. கூண்டு சகோதரரின் சுவரை விட்டு மறுபுறத்துக்கு மாற்றப்பட்டது. கம்பிவலைக்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டார். எச்சம் ஈரமாகும்போதுதான் நாற்றம் எழுகிறது, ஆகவே தரையில் உமியைக் கனமாகப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிச் சுண்ணாம்புத் தூள் இட்டு, நனைந்ததை அள்ளி எருக்குழியில் போடுவதென்று ஏற்பாடு. சேவல் தாயாரின் தம்பி வீட்டுக்கு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அனுப்பப்பட்டது. பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை, இதை நான் சொன்னபோது சகோதரருக்கு ஆச்சரியம். தாயாருக்கு ஆச்சரியம் இல்லை. அவர்கள் கேட்டார்கள்: "முட்டை இடும், சரிங்க ஐயா. அடைக்கு வைக்கிற முட்டைக்கு நான் எங்க போவேன்?" சேவல் இல்லாத முட்டை பொரியாது. குஞ்சு விற்ற வருமானம் நின்றுபோயிற்று. இப்போது அடைமுட்டையைத் தம்பி வீட்டிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள், வழியில் குலுங்குவதால் சில பொரிவதில்லை. உடன்படிக்கையில் இருதரப்பும் கையொப்பமிட்டன. இழப்பு ஒரு பக்கத்தில்தான் அதிகம் விழுந்தது. அதை ஈடுசெய்ய ஏதும் செய்யலாமா என்பதைக் குறித்து அந்தச் சகோதரரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் கோழியோ ஆடோ மாடோ வளர்க்கிறவர்கள், மழைக்காலத்துக்கு முன் தரையைக் காயவைத்து, கழிவுநீர் தெருவுக்கு வராமல் வாய்க்கால் வெட்டிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் குடிநீர் வருகிற குழாயில் மாட்டைக் குளிப்பாட்டாதீர்கள், அதைப்பற்றியும் புகார்கள் வருகின்றன. நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமத்தைக் குறித்து அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். மனு எழுத நினைக்கிறவர்கள், மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் ஒழுங்கின்படி முதலில் தனியாகப் போய்க் கதவைத் தட்டுங்கள். போகும்போது வெறுங்கையாய்ப் போகவேண்டாம், ஒரு டஜன் முட்டையாவது விலைகொடுத்து வாங்கி வாருங்கள். நம்முடைய கோழிகளை அதிகமாய்க் கொல்வது வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிக்கழிச்சல் நோய். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசி போடுவார்கள். முகாமின் தேதி தெரிந்தவுடன் ஆராதனை அறிவிப்பில் வாசிக்கச் சொல்லுகிறேன். முந்தின இரவே கூடையில் அடைத்துவைத்தால்தான் காலையில் பிடிக்க முடியும். மாடு நோயுற்று நடக்க முடியாமல் போனால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.